கொச்சியில் பேய்க்கதைகளின் தடத்தில் ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் சுற்றுலா கிளம்பும் நண்பர்களிடம், "அங்கே பேய்க்கதைகளைப் பிடித்துக்கொண்டே ஊரைச் சுற்றலாம், தெரியுமா?" என்று சொல்லிவிடுவேன். உடனே கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பேய் நடைன்னா என்ன? டிக்கெட் எங்க வாங்கணும்?

டிக்கெட் எதுவும் வேண்டாம். வழிகாட்டியும் வேண்டாம். பழைய கொச்சியில் சாவு, புதையல், சாபம், வதந்தி என்று ஏதாவது ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை வரிசையாக நடந்து பார்ப்பது, அவ்வளவுதான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் யூதர் ஜெபாலயத்துக்கும் மட்டும் சின்ன நுழைவுக் கட்டணம் உண்டு.

முகமூடி போட்டுக்கொண்டு யாரோ திடீரென்று முன்னால் வந்து குதிப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தை மண்மூட வைத்து, கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். அதற்குப் பிறகு அரபு வணிகர்கள், சீனர்கள், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பிணங்களும் பயங்களும்தான் இந்த நடையில் நாம் பார்ப்பது.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்? எவ்வளவு நேரம் ஆகும்?

மதியம் மட்டாஞ்சேரியில் ஆரம்பித்து, மாலை ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு மறுபடியும் மட்டாஞ்சேரிப் பக்கம் வந்து மங்காட்டுமுக்கில் முடிப்பது என் வழி. சுற்றுதான், ஆனால் அந்தந்த இடத்துக்கு அந்தந்த வெளிச்சம் பொருந்தி வரும். அரண்மனை, யூதர் தெரு, கூனன் குரிசு (வளைந்த சிலுவை) தேவாலயம் மூன்றையும் ஒரு பகுதியாக நடந்துவிடலாம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரான்சிஸ் தேவாலயம், பரேடு மைதானம், டச்சுக் கல்லறை, கடற்கரை, சீன வலைகள், பாஸ்டியன் பங்களா எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

நின்று நிதானமாகப் பார்த்தால் ஐந்து மணி நேரம் ஆகும். ஜெபாலயம் மதியம் இடைவேளை விட்டுத் திறக்கும், வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் மூடியிருக்கும். அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே அந்த இரண்டு நாளையும் தவிர்த்துவிடுங்கள். எர்ணாகுளத்தில் தங்கியிருந்தால் படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ வரலாம். திரும்பிப் போக கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஜெட்டியில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி போனாத்தானே த்ரில்? பகல்ல போய் என்ன பண்றது?

கல்வெட்டுகளைப் படிக்க வெளிச்சம் வேண்டுமே! தேவாலயமும் அரண்மனையும் மாலை ஐந்து மணி வாக்கில் சாத்திவிடுவார்கள். ராத்திரி மட்டும் போனால் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். இருட்டு தேவைப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது கப்பிரி முத்தப்பன் இருக்கும் மங்காட்டுமுக்கு.

கப்பிரி முத்தப்பன்னா யாரு? ஊர் முழுக்க இந்தப் பேரைச் சொல்றாங்களே?

கொச்சியின் பேய் என்றால் அது கப்பிரி முத்தப்பன்தான். போர்த்துக்கீசியர்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து, குறிப்பாக மொசாம்பிக் பக்கத்திலிருந்து, அடிமைகளாகப் பிடித்து வந்தவர்களைக் கொச்சியில் கப்பிரிகள் என்று அழைத்தார்கள். மூட்டை தூக்கவும், வீட்டு வேலை செய்யவும், கோட்டையில் காவல் நிற்கவும் அவர்களை வைத்திருந்தார்கள்.

கதை இப்படிப் போகிறது. 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியப் பணக்காரர்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பொன்னையும் வெள்ளியையும் கையோடு கொண்டுபோக வழியில்லை. ஒருநாள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சுவருக்குள்ளும் மரத்தடியிலும் புதைத்தார்கள். காவலுக்கு யார்? தங்களிடம் இருந்த கப்பிரி அடிமைகளைச் சங்கிலியால் கட்டி, வெட்டி, புதையலோடு சேர்த்தே புதைத்தார்கள். சிலரை உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள் என்றும் சொல்வார்கள். செத்த பிறகும் எஜமானின் சொத்தைக் காக்க வேண்டும் என்பது கணக்கு. எஜமானர்கள் திரும்பி வரவே இல்லை. காவல்காரர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ராத்திரியில் பழைய மதில்மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்தபடி இருக்கும் கறுத்த, உயரமான உருவம் என்று அவரை வர்ணிக்கிறார்கள். நம்மூரில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுகிற மாதிரி கப்பிரியைச் சொல்லிப் பயமுறுத்திய காலமும் இருந்தது. ஆனால் அவர் யாருக்கும் கெடுதல் செய்ததாகக் கதைகள் அதிகம் இல்லை. வழி தவறியவருக்கு வழி காட்டினார், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் பேயாக இருந்தவர் முத்தப்பன், அதாவது பாட்டன், ஆனார்.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்துச்சா, இல்ல கட்டுக்கதையா?

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதையலோடு ஆளைப் புதைத்தது வாய்வழிக் கதை. அடிமை வியாபாரம் வரலாறு. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்ததும், பின்னால் வந்த டச்சுக் கம்பெனி கொச்சியிலேயே மனிதர்களை வாங்கி விற்றதும் ஆவணத்தில் இருப்பவை. ஒரு ஆளை ஒருவர் இன்னொருவருக்கு விற்றதை, நாம் வீட்டுக்குப் பத்திரம் பதிவதைப் போல எழுதிப் பதிந்திருக்கிறார்கள். அப்படி விற்கப்பட்டவர்களில் மலபாரில் பிறந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. தாழ்த்தப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள்தான் அதிகம் விலைபோனார்கள்.

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: டச்சுக்காரர்களின் கொச்சி ஆவணங்களில் பெரும்பகுதி இன்றைக்கு சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே!

கொச்சி ராஜ்யத்தில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1854இல். திருவிதாங்கூரில் 1855. அதாவது டச்சுக்காரர் வந்து ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்குப் பிறகு. ஆகவே "கட்டுக்கதை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையின் ஒரு பாதிக்குத்தான் சாட்சி இல்லை.

மங்காட்டுமுக்குல போய் என்ன பார்க்கிறது? கோயிலா அது?

கோபுரம், கொடிமரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். தெருவோரத்தில், சுவரை ஒட்டிச் சின்னதாக ஒரு மேடை, அவ்வளவுதான். வண்டியில் வேகமாகப் போனால் கண்ணில் படாது. ஆட்டோக்காரரிடம் "கப்பிரி முத்தப்பன்" என்றால் போதும், கொண்டுபோய் விடுவார். மெழுகுவத்தி எரிந்து உருகிய தடம் இருக்கும். சில நாட்களில் பூவும் இருக்கும்.

படையல்தான் விசேஷம். புட்டு, அவித்த முட்டை, இறைச்சி, கள் அல்லது சாராயம், அப்புறம் சுருட்டு. நம் பக்கத்துக் காவல் தெய்வங்களுக்குப் படைப்பதை நினைத்துக்கொண்டால் இது புதிதாகத் தெரியாது. மதுரைவீரனுக்கும் சுடலைமாடனுக்கும் சுருட்டும் சாராயமும் வைக்கிறவர்கள்தானே நாம்? அநியாயமாகச் செத்தவரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவதும் நமக்குப் பழக்கமானதுதான். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோரும் மங்காட்டுமுக்கில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பூசாரி கிடையாது, நடை சாத்துவது கிடையாது.

நீங்களும் வைக்கலாம். ஒரு மெழுகுவத்தி போதும், பக்கத்துக் கடையில் கிடைக்கும். பாட்டிலைத் திறந்துவைத்து அங்கேயே உட்கார்ந்து குடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அது வீடுகள் இருக்கிற தெரு.

வாஸ்கோ ட காமாவோட ஆவி சர்ச்சுக்குள்ள சுத்துதாமே?

சுற்றினால் லிஸ்பனில்தான் சுற்ற வேண்டும். 1524இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்தார். இன்றைக்குப் புனித பிரான்சிஸ் தேவாலயம் என்று சொல்கிற இடத்தில் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைத் தோண்டி போர்த்துக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது தரையில் கம்பித் தடுப்பு போட்டுக் காட்டுவது காலியான குழி.

அந்தத் தேவாலயத்தில் அதைவிடப் பார்க்க வேண்டியது இருபுறச் சுவர்களும். முன்பு தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரில் நட்டிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் போர்த்துக்கீசியர், தெற்குச் சுவரில் டச்சுக்காரர். உயிரோடு இருந்தபோது ஒருவரை ஒருவர் பீரங்கி வைத்துச் சுட்டவர்கள், இப்போது எதிரெதிர்ச் சுவரில் முகம் பார்த்து நிற்கிறார்கள். எழுத்து புரியாவிட்டாலும் கற்களில் செதுக்கிய கேடயங்களையும் கப்பல்களையும் மண்டையோடுகளையும் தேடிப் பாருங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அந்த நேரத்தில் உள்ளே சுற்ற வேண்டாம்.

டச்சுக் கல்லறை எப்பவும் பூட்டியே இருக்கே, சுவரேறிக் குதிச்சுப் பார்க்கலாமா?

கூடாது. பலர் குதிக்கிறார்கள், அதனால்தான் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். கல்லறைகள் சுண்ணாம்பும் கல்லும் சேர்த்துக் கட்டியவை. ஏறி உட்கார்ந்தாலே உதிரும். சாவி பிரான்சிஸ் தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போக உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அங்கே போய் மரியாதையாகக் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வாசலில் நின்றாலே முக்கால்வாசி தெரியும்.

1724இல் புனிதப்படுத்திய இடம் இது. மொத்தம் 104 கல்லறைகள். கடைசியாகப் புதைத்தது 1913இல். கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடப்பதாலும், சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுவதாலும் இங்கே பேய்க்கதைகள் நிறையப் புழங்குகின்றன. வெள்ளை உடை, விளக்கு வெளிச்சம் என்று எந்த ஊர்க் கல்லறைக்கும் பொருந்துகிற கதைகள்தான். அவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. வாசலில் நிற்கும்போது நான் எண்ணிப் பார்ப்பது வேறு: இங்கே 104 பேருக்குக் கல் இருக்கிறது, பேர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது. மங்காட்டுமுக்கில் எத்தனை பேருக்காக மெழுகுவத்தி எரிகிறது என்பதே தெரியாது.

பாஸ்டியன் பங்களாவுக்கு அடியில சுரங்கப்பாதை இருக்குங்கிறாங்களே?

இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. யாரும் கண்டுபிடித்ததில்லை. டச்சுக்காரர்கள் கோட்டையின் ஸ்ட்ரோம்பெர்க் கொத்தளத்தின் மேல் 1667இல் கட்டிய வீடு அது. பீரங்கி நின்ற கொத்தளத்துக்கு அடியில் வெடிமருந்து வைக்க அறைகள் இருந்திருக்கலாம் என்று மக்கள் யோசித்ததில் தப்பில்லை. வெளியில் நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள், கதை ஏன் பிறந்தது என்று விளங்கும்.

கோட்டையே இல்லையே, அப்ப கப்பிரி எந்த மதில்ல உட்காருவாரு?

நல்ல கேள்வி. போர்த்துக்கீசியர் 1503இல் கட்டத் தொடங்கிய கோட்டையை டச்சுக்காரர் பிடித்ததும் சுருக்கிக் கட்டினார்கள். போர்த்துக்கீசியத் தேவாலயங்களில் பிரான்சிஸ் தேவாலயத்தைப் போல ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை இடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கோட்டையையும் பழைய சாந்தா குரூஸ் கதீட்ரலையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருக்கிற சாந்தா குரூஸ் பசிலிக்கா 1905இல் அர்ச்சிக்கப்பட்ட புதுக் கட்டடம். பழைய கதீட்ரலில் மிஞ்சிய கருங்கல் தூண் ஒன்று அதன் வளாகத்தில் நிற்கிறது, கேட்டுப் பாருங்கள்.

ஆக, கதை பிறந்த மதில்களில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் கப்பிரி கோட்டையோடு போகவில்லை. கொச்சிக்காரர்களின் பழைய வீட்டு மதில், மாமரம், தென்னந்தோப்பு என்று இடம் மாறிக்கொண்டார். கல் போன பிறகும் கதை நிற்கிறது என்றால், அதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மட்டாஞ்சேரிப் பக்கம் பேய்க்கதை இருக்கா, இல்ல மசாலாக் கடைதானா?

பேயைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. கூனன் குரிசு. பெரும்பாலான பயணிகள் யூதர் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டி அந்தத் தேவாலயத்துக்குப் போங்கள். 1652இல் அகத்தள்ளா என்ற மேற்கு ஆசிய ஆயர், மார் தோமா கிறிஸ்தவர்கள் எனப்படும் கேரளத்தின் பழைய கிறிஸ்தவர்களுக்குத் தலைவராக வருகிறேன் என்று இந்தியா வந்தார். சூரத்தில் இறங்கிய அவர் அடுத்து வந்தது எங்கே தெரியுமா? நம் மயிலாப்பூருக்கு. அங்கே போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்து, கப்பலில் ஏற்றி கோவாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் கொச்சி வழியாகப் போனபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் கரையில் திரண்டு, அவரை ஒருமுறை பார்க்க விடுங்கள் என்று கேட்டார்கள். விடவில்லை.

அவரைக் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு செய்தி பரவியது. 1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூடிய கூட்டம், இனி போர்த்துக்கீசிய ஏசுசபைப் பாதிரிகளுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தது. எல்லாராலும் சிலுவையைத் தொட முடியவில்லை. சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். இழுப்பில் சிலுவை வளைந்துவிட்டது என்பது மக்கள் சொல்வது. ஆனால் அகத்தள்ளா கொச்சிக் கடலில் சாகவில்லை என்பதே இன்றைய வரலாற்றாளர்களின் முடிவு. ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேதான் இறந்தார். சாகாத ஒருவரின் சாவு, கேரளக் கிறிஸ்தவத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது. இதைவிட பலமான ஆவிக்கதை எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இல்லை.

யூதர் தெருவுல ஏன் அவ்வளவு அமைதி? அங்கயும் ஏதாவது இருக்கா?

பேய் இல்லை, ஆள் இல்லை. 1568இல் கட்டிய பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின்) ஜெபாலயத்தை 1662இல் போர்த்துக்கீசியர் சேதப்படுத்தினார்கள், டச்சுக்காரர் காலத்தில் திரும்பக் கட்டினார்கள். 1760இல் மணிக்கூண்டு வந்தது. இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் அநேகமாக எல்லோரும் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். வீடுகள் கடைகளாகிவிட்டன.

கொஞ்ச தூரத்தில் கடவும்பாகம் ஜெபாலயம் இருக்கிறது. கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாழடைந்து கிடந்தபோது படம் எடுக்க உள்ளே நுழைந்தவர்கள் உண்டு. நீங்கள் வெளியில் நின்று பாருங்கள்.

கடற்கரையில ஏதாவது?

1889இல் ஒரு கப்பலில் பிடித்த தீ கரைக்குத் தாவி, கல்வத்திப் பக்கக் கிடங்குகளையும் வீடுகளையும் எரித்துத் தீர்த்தது. கொச்சிப் பெருந்தீ என்பார்கள். சீன வலைகளிலிருந்து கல்வத்தி வரை நடந்தால் பழைய கம்பெனிக் கிடங்குகள் இரண்டு பக்கமும் வரும். அந்தத் தெரு இருட்டிய பிறகும் நடக்க நன்றாக இருக்கும், கடைகள் திறந்திருக்கும்.

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

பத்து வயதுக்கு மேல் இருந்தால் தாராளமாக. கப்பிரி கதையை மட்டும் பயமுறுத்துகிற மாதிரிச் சொல்லாதீர்கள். கறுப்பாக இருப்பவர் என்றால் பயப்பட வேண்டும் என்று குழந்தை மனதில் பதிந்துவிடும். அவரைக் கட்டிப்போட்டவர்கள் யார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். "அப்ப அவங்கதானே கெட்டவங்க?" என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

பொண்ணுங்க மட்டும் போனா பாதுகாப்பா?

ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுப் பெண்கள் தனியாகவே நடப்பதைப் பார்க்கலாம். இளவரசித் தெரு, கடற்கரை முகப்பு, வாஸ்கோ சதுக்கம் எல்லாம் ஒன்பது மணி வரை கலகலப்பாக இருக்கும். டச்சுக் கல்லறைப் பக்கம் மட்டும் இருட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மங்காட்டுமுக்குக்கு ஆட்டோவில் போய், அதே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லித் திரும்பி வாருங்கள். நிஜமாகக் கவனிக்க வேண்டியது தெருநாய்களையும் கொசுவையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை பலமாக இருக்கும், குடை பிரயோஜனப்படாது.

மலையாளம் சுத்தமா தெரியாதே, சமாளிக்க முடியுமா?

முடியும். மெதுவாகத் தமிழில் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தமிழ்ச் சினிமாவுக்கு நன்றி சொல்லுங்கள். அதோடு ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற இடத்தில் சலவைத்துறை இருக்கிறது. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். நேரம் இருந்தால் போய்ப் பேசுங்கள். கப்பிரி கதையைத் தமிழிலேயே கேட்கலாம்.

முத்தப்பன் முன்னாடி நின்னு ரீல்ஸ் எடுக்கலாமா? பேய் கண்டுபிடிக்கிற ஆப் வேற இருக்கே?

இடத்தைப் படம் எடுப்பதில் ஒன்றுமில்லை. கும்பிடுகிறவர்களை எடுக்காதீர்கள். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு கப்பிரி மாதிரி நடிப்பது, முகத்தில் கரி பூசிக்கொள்வது போன்றவற்றைச் செய்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மனிதனைச் சங்கிலி போட்டு இழுத்து வந்த கதை அது, அதில் விளையாட ஒன்றும் இல்லை. பேய் ஆப்களில் பல போனில் உள்ள காந்த உணரி துடிப்பதைத்தான் காட்டும். பக்கத்தில் மின்சாரக் கம்பி இருந்தாலும் துடிக்கும்.

புதையல் இன்னும் அங்கதான் இருக்கா? கிடைச்சா யாருக்கு?

வீடு கட்டத் தோண்டும்போது பானை கிடைத்தது, திடீரென்று பணக்காரரானார் என்று மட்டாஞ்சேரியில் கதைகள் உண்டு. கதையில் கப்பிரி மனது வைத்தால்தான் கிடைக்கும். சட்டத்தில், கேரளத்துக்கென்றே 1968இல் போட்ட புதையல் சட்டம் இருக்கிறது. பூமியில் கிடைத்ததை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், புதையல் எடுத்துத் தருகிறேன், பூஜைக்குப் பணம் கொடு என்று ஏமாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கப்பிரி பேரைச் சொல்லி யாராவது அணுகினால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அந்த ஆப்பிரிக்கர்களோட வம்சம் இன்னிக்கும் இருக்கா?

இந்தியாவில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சித்திகள் என்ற பெயரில் கர்நாடகத்தின் உத்தர கன்னடத்திலும், குஜராத்தின் கிர் காட்டுப் பக்கத்திலும் வாழ்கிறார்கள். இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் போர்த்துக்கீசியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் சில குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய மாஞ்சா பாட்டில் பழைய போர்த்துக்கீசியச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. கொச்சிக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றால், பலர் வேறு துறைமுகங்களுக்கு விற்கப்பட்டார்கள், பலர் இங்கேயே கலந்து போனார்கள்.

நீங்க பேயை நம்புறீங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க.

மதில்மேல் உருவம் எதையும் நான் பார்த்ததில்லை, பார்ப்பேன் என்றும் நினைக்கவில்லை. ஆனால் மங்காட்டுமுக்கில் நானும் மெழுகுவத்தி ஏற்றுவேன். யாரோ செய்த கொடுமைக்கு யாரோ ஒரு தெருக்காரர் முதன்முதலில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார். அதை அணையாமல் பார்த்துக்கொள்கிறவர்களின் நம்பிக்கையைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது.

கொன்னவன் வெள்ளைக்காரன். பேயானது ஏன் அடிமை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. எனக்குத் தெரிந்த பதில் இது. வாஸ்கோவுக்குக் கல் வைத்தார்கள், டச்சுக் கவர்னர்களுக்குக் கல் வைத்தார்கள். அவர்கள் செத்த தேதிகூடத் தெரியும். அவர்களை நினைவில் வைத்துக்கொள்ள ஆவி தேவைப்படவில்லை. அடிமைக்குக் கல் இல்லை, பதிவேட்டில் இருந்தாலும் விலைதான் இருக்கும். பேயாக அலைந்தால் ஒழிய அவரை யார் நினைப்பார்கள்? நம் நாட்டார் தெய்வங்களில் எத்தனை பேர் சாதிக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அங்கேயும் இதே கணக்குதான்.

அதே சமயம் அந்த மாணவி இன்னொன்றும் சொன்னாள்: செத்த பிறகும் எஜமானின் புதையலையே காத்துக்கொண்டிருப்பது இன்னொரு அடிமைத்தனம் இல்லையா? உண்மைதான். கதையைச் சொன்னவர்களால் அவரைச் சங்கிலியிலிருந்து முழுசாக அவிழ்க்க முடியவில்லை. ஆனால் பிற்காலக் கதைகளில் கவனியுங்கள், அவர் புதையலைத் தன் இஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுக்கிறார். எஜமானின் வாரிசுக்குக் கொடுத்ததாக ஒரு கதையும் நான் கேட்டதில்லை.

எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கு. எதை விட்டுடலாம்?

அரண்மனையை விடுங்கள், பங்களாவை விடுங்கள், சீன வலைகளைக்கூட இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நான்கரைக்குப் பிரான்சிஸ் தேவாலயத்தின் சுவர்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் டச்சுக் கல்லறை வாசல். சூரியன் இறங்கியதும் ஆட்டோ பிடித்து மங்காட்டுமுக்கு. இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள், வரிசையை மாற்ற வேண்டாம். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் ஃபோர்ட் கொச்சியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஏழு மணிக்கு மேல் மங்காட்டுமுக்கில் கடை மூடியிருந்தால் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும்.